சாய்ந்த பாரும் நேர் பாரும்

திருமங்கலத்தில் எந்தச் சைக்கிள் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் வரும் கேள்வி இதுதான்: "ஜென்ட்ஸா, லேடீஸா?" ஓட்டப்போகிறவர் எவ்வளவு உயரம், என்ன எடை, தினமும் எவ்வளவு தூரம் மிதிக்க வேண்டும், கேரியரில் என்ன ஏற்றுவார் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். பல நேரம் அதற்குப் பிறகும் இல்லை. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. கம்பெனியிலிருந்து சரக்கு அப்படித்தான் பிரிந்து வருகிறது. அவர் வரிசையாக நிறுத்தி வைக்கிறார், நாம் வரிசையில் ஒன்றைத் தொட்டுக் காட்டுகிறோம்.

புதிதாகப் பழகும் பெண்ணுக்கு இந்தப் பிரிவு ஓரளவு உதவும். ஆனால் வருடக்கணக்கில் ஓட்டிக் கைகால் தேறிவிட்ட பெண்ணுக்கும் அதே கேள்வி போதுமா? "பெண்களுக்கென்றே செய்தது" என்று லேபிள் ஒட்டிய பொருளில் உண்மையில் என்ன மாறியிருக்கிறது? எதற்காக மாறியிருக்கிறது? இந்தக் கேள்வி சைக்கிளோடு நிற்பதில்லை. கிரிக்கெட் பந்து, பளுதூக்கும் கம்பி, ஸ்கூட்டர், ஹெல்மெட் என்று எல்லாவற்றையும் தொடுகிறது. பனி மலைகளில் காலில் மாட்டிச் சறுக்கும் ஸ்கீ பலகையில்தான் இந்த வாதம் மிகவும் முற்றியிருக்கிறது. பனி என்றால் மார்கழிப் பனிதான் என்றிருக்கும் கரிசல் பூமிக்காரனுக்கு ஸ்கீயில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது, சொல்கிறேன். முதலில் சைக்கிள்.

1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு சக்கரம், பின்சக்கரத்தைச் சுழற்றச் செயின். இன்றைய சைக்கிளுக்குப் பாட்டன் அதுதான். அடுத்த சில வருடங்களிலேயே மேல் பாரைக் கீழே இறக்கிய பெண்கள் மாடல் வந்துவிட்டது. பாரை இறக்க வைத்தது கணுக்கால் வரை தொங்கிய பாவாடை. அது ஆரக்கம்பிகளில் சிக்காமலிருக்கப் பின்சக்கரத்துக்கு மேல் வலைபோல் நூல் கட்டினார்கள், செயினை முழுக்க மூடினார்கள். யாரும் பெண்ணின் உடம்பை அளந்து பார்த்து அந்தச் சைக்கிளைச் செய்யவில்லை, அவள் உடுப்பைத்தான் அளந்தார்கள். நம்மூருக்கு வந்தபோது பாவாடையின் இடத்தில் தாவணியும் சேலையும் உட்கார்ந்துகொண்டன, அவ்வளவுதான்.

பாரை இறக்கியதற்கு ஒரு விலை உண்டு. நேர் பார் வைத்த ஃபிரேம் முக்கோணங்களால் ஆனது. முக்கோணம் எளிதில் கோணாது, சுமை ஏறினாலும் முறுக்கிக்கொள்ளாது. பாரைச் சாய்த்ததும் அந்த முக்கோணம் திறந்துவிடுகிறது. பழைய உறுதி வேண்டுமென்றால் குழாயைத் தடிப்பாக்க வேண்டும், எடை கூடும். எடையைக் கூட்டாமல் விட்டால் மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது வண்டி நெளியும். பள்ளிக்கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் போய்வர இது ஒரு பொருட்டே இல்லை. பின்னால் இரண்டு மூட்டை, முன்னால் ஒரு குடம் என்று ஏற்றிப் போகிறவருக்குப் பொருட்டுதான்.

இதைப் பொறியியல் படிக்காமலே தெரிந்துகொண்டவர்கள் புதுக்கோட்டைப் பெண்கள். 1991இல் ஷீலா ராணி சுங்கத் அங்கே ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கத்தோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார்கள். எழுத்துக்கூட்டப் பழகிய பெண்கள் மாலையில் மைதானத்தில் சைக்கிளும் பழகினார்கள். முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு கிராமம் கிராமமாகப் பரவியது. 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில் பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அந்த மாவட்டத்தில் சுற்றி எழுதியதில்தான் இதெல்லாம் வெளியுலகுக்குத் தெரிந்தது.

அவர் போகிறபோக்கில் பதிவு செய்த ஒரு தகவல், என் கணக்கில் இந்த விவாதத்துக்கே முக்கியமான சாட்சியம். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கி ஓட்டினார்கள். அதில் ஆச்சரியமில்லை, கிடைத்ததைத்தானே ஓட்ட முடியும். ஆனால் சிலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பிக் கேட்டிருக்கிறார்கள். சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே பார் இருக்கிறதே, அதில் பிள்ளையை உட்கார வைக்கலாம்! பழகும் நாளில் காலைத் தூக்கிப் போட முடியாமல் தடுத்த அதே கம்பி, பழகிய பிறகு இன்னொரு இருக்கையாகிவிட்டது. சேலை கட்டிய பெண்ணுக்கு நேர் பார் ஆகாது என்று ஆலையில் உட்கார்ந்து முடிவு செய்தவருக்கு, அந்தப் பெண் தனியாகப் போகமாட்டாள், பிள்ளையோடு போவாள் என்பது தோன்றவே இல்லை.

ஊர்ப்பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதில் இன்னொன்றும் நினைவுக்கு வரும். அந்தக் காலத்தில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை யாரானாலும் பழகியது அப்பாவின் சைக்கிளில்தான். சீட்டில் உட்கார எட்டாது. பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்துக் குரங்கு பெடல் போட்டுத்தான் ஓட்டம். வண்டி யார் அளவுக்கும் இல்லாததால் அதில் ஆண், பெண் பேதமும் இல்லை.

தமிழக அரசின் விலையில்லாச் சைக்கிள் திட்டம் 2001-02இல் மேல்நிலை வகுப்புகளில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கியது. சில வருடங்களில் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்தது. மாணவனுக்கு நேர் பார், மாணவிக்குச் சாய்ந்த பார். பீகாரில் 2006இல் தொடங்கிய திட்டம் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு 2,000 ரூபாயைப் பணமாகவே கொடுத்தது, எந்தச் சைக்கிள் என்பது வீட்டுக்காரர்கள் முடிவு. அந்தத் திட்டத்தை ஆராய்ந்து கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் 2017இல் வெளியிட்ட கட்டுரை, உயர்நிலை வகுப்பில் பெண்கள் சேர்க்கை 32 சதவீதம் கூடியது, ஆண் பெண் சேர்க்கை இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்று கணக்கிட்டது. எந்தப் பார் என்பதைவிடச் சைக்கிள் கையில் இருந்ததே பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட ஆதாரம் தேவையில்லை. அதை ஒத்துக்கொண்டுதான் மேலே பேசுகிறேன். முதல் சைக்கிள் வேறு விஷயம், இரண்டாவது சைக்கிள் வேறு விஷயம். நம் கேள்வி இரண்டாவதைப் பற்றியது.

இன்றைக்கு நம் அரசுப் பள்ளி மாணவி சுடிதாரும் மேல்கோட்டும் போட்டுக்கொண்டு போகிறாள். பாரைச் சாய்க்க வைத்த உடுப்பு போய்விட்டது, சாய்ந்த பார் மட்டும் தங்கிவிட்டது. அதனால் சாய்ந்த பார் வீண் என்று சொல்லவரவில்லை. புத்தகப்பை கேரியரில் உயரமாக நிற்கும்போது காலைப் பின்னால் சுழற்றிப் போட முடியாது, முன்னால் நுழைத்து ஏறுவதுதான் வசதி. மூட்டு வலியுள்ள பெரியவர்களுக்கும் அதுவே வசதி. நெதர்லாந்தில் ஆண்களும் தயங்காமல் அப்படிப்பட்ட சைக்கிளை ஓட்டுகிறார்கள். ஏறி இறங்கும் விதத்துக்கு ஏற்ற வடிவம் அது. அதன்மேல் 'லேடீஸ்' என்று எழுதி வைத்ததால்தான், திருமங்கலத்துப் பெரியவர் ஒருவர் முழங்கால் வலியோடு நேர் பாரைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்.

மேல்நாட்டுப் பந்தயச் சைக்கிள் உலகத்தில் இந்தக் கதை வேறு மாதிரிப் போனது. அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜினா டெர்ரி 1985இல் பெண்களுக்கென்று சைக்கிள் கம்பெனி தொடங்கினார். அவர் எடுத்துக்கொண்டது உண்மையான பிரச்சினை. குள்ளமானவருக்குச் சிறிய ஃபிரேம் செய்தால், பெரிய முன்சக்கரம் இடிக்காமலிருக்க முன்பக்கத்தை நீட்ட வேண்டும். நீட்டினால் ஹேண்டில் எட்டாமல் போகும். முன்சக்கரத்தை மட்டும் சிறிதாக்கி அதைத் தீர்த்தார். பிறகு பெரிய கம்பெனிகள் எல்லாம் உள்ளே வந்தன. பெண்ணுக்குக் கால் நீளம், உடல் குட்டை, ஆகவே மேல் குழாயைக் குறைக்க வேண்டும் என்ற வாய்ப்பாடு பரவியது. 2008இல் ஜயண்ட் கம்பெனி 'லிவ்' என்று பெண்களுக்கான தனி பிராண்டையே தொடங்கியது, அது இன்றும் நடக்கிறது. ஆனால் பத்து வருடம் கழித்து, தன் கடைகளில் ஆயிரக்கணக்கான பேரை அளந்து சேர்த்த கணக்கை வைத்துக்கொண்டு ஸ்பெஷலைஸ்டு கம்பெனி எதிர்ப்பக்கம் போனது. ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள சராசரி வித்தியாசத்தைவிட ஒரு பெண்ணுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது என்று சொல்லி, ஃபிரேமை ஆண் பெண் என்று பிரிப்பதை நிறுத்திவிட்டது. அளவை வேண்டுமானால் கூட்டு, பெயரை மாற்றாதே என்பது அவர்கள் வாதம்.

அதே கம்பெனி பெண்களுக்கான சீட்டு செய்வதை நிறுத்தவில்லை. முரண்பாடுபோல் தெரியும், இல்லை. ஃபிரேம் உடம்பைத் தொடுவதில்லை, சீட்டு தொடுகிறது. உட்காரும்போது தாங்கும் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள தூரம் பெண்களுக்குச் சராசரியில் அதிகம். அந்த இடத்துத் தசையும் நரம்பும் வேறு. குறுகலான சீட்டில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் போகும் பெண்ணுக்கு மரத்துப்போவதும் புண்ணாவதும் கற்பனை அல்ல. கேட்டால் சொல்லமாட்டார்கள், கடைக்காரர் ஆண் என்பதால் கேட்கவும் மாட்டார். கைப்பிடிக்கும் பிரேக் லீவருக்கும் உள்ள தூரமும் அப்படித்தான். சின்னக் கைக்கு எட்டாத பிரேக் ஆபத்து. உடம்பு பொருளைத் தொடும் இடங்களில் பெண்ணுக்கென்று செய்தது பெரும்பாலும் நியாயமாக இருக்கிறது. தொடாத இடங்களில் அந்த லேபிள் எடையையோ உயரத்தையோ சுற்றிவளைத்துச் சொல்லும் வழியாகத்தான் இருக்கிறது. இந்தச் சோதனையை ஸ்கீயில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு தூரம் தாங்குகிறது என்பது தெரியும்.

ஸ்கீ நமக்கு அவ்வளவு தூரத்து விஷயமும் இல்லை. சுவிட்சர்லாந்தில் மட்டும் சுமார் 50,000 தமிழர் இருக்கிறார்கள். அங்கே பல பள்ளிகள் பிள்ளைகளைக் குளிர்காலத்தில் ஸ்கீ முகாமுக்குக் கூட்டிப்போகின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து போன குடும்பத்தின் பேத்தி இன்றைக்குச் சரிவில் நன்றாகவே இறங்குவாள். டொரன்டோ, ஆஸ்லோ தமிழ்ப் பிள்ளைகளும் அப்படியே. இந்தியாவுக்குள் குல்மார்க், அவுலி, மணாலிப் பக்கத்துச் சோலாங் இருக்கின்றன. மணாலிக்காரியான ஆஞ்சல் தாக்கூர் 2018இல் துருக்கியில் வெண்கலம் வாங்கியபோது, சர்வதேசப் பனிச்சறுக்குப் போட்டியில் இந்தியாவுக்கு முதல் பதக்கம் அது.

ஸ்கீ என்பது நீளப் பலகை. உள்ளே மரம், மேலும் கீழும் கண்ணாடி இழை, வேகமாகப் போகிறவர்களுக்கான மாடலில் டைட்டனால் என்ற அலுமினியக் கலவைத் தகடு. திரும்பும்போது சறுக்குகிறவர் தன் எடையால் அந்தப் பலகையை வில்போல் வளைக்க வேண்டும். வளைந்தால்தான் அதன் ஓரம் பனியைக் கடித்துத் திரும்பும். ஐம்பது கிலோ உள்ளவர் எண்பது கிலோக்காரருக்கென்று செய்த பலகையை வளைக்க முடியாது. அது அவரை இழுத்துக்கொண்டு நேராகப் போகும். அதனால் பெண்கள் ஸ்கீயில் செய்யப்படும் மாற்றங்கள் பெரும்பாலும் நான்கு: லேசான மரம், தகட்டைக் குறைப்பது அல்லது எடுத்துவிடுவது, குட்டையான நீளங்களையும் சேர்த்துத் தயாரிப்பது, பூட்டைப் பிடித்துக்கொள்ளும் பைண்டிங்கைச் சற்று முன்னால் பொருத்துவது.

கடைசி மாற்றத்துக்காக வருடக்கணக்கில் வாதாடியவர் ஜீனி தோரன் என்ற அமெரிக்கப் பெண். பெண்ணின் நிறை மையம் ஆணைவிடத் தாழ்ந்திருக்கிறது, இடுப்பு அகலம், ஆகவே அவள் பின்பாரமாக நிற்கிறாள். பைண்டிங்கை முன்னால் தள்ளிக் குதிகாலைக் கொஞ்சம் உயர்த்தினால் நேராகிவிடுவாள் என்பது அவர் வாதம். பல பெண்களுக்கு அது பலித்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நிறை மையத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள சராசரி வேறுபாடு உயரத்தில் ஓரிரு சதவீதம்தான். பின்பாரமாக நிற்பது பெரும்பாலும் புதிதாகப் பழகுகிறவரின் பயத்தாலும், காலுக்குப் பொருந்தாத பூட்டாலும் வருவது. தேர்ந்தவள் அப்படி நிற்பதில்லை. நேராக நிற்கத் தெரிந்த ஒருத்தியை இன்னும் முன்னால் தள்ளி நிறுத்தினால், வேகத்தில் முனை பனியில் புதையும், வால் நிற்காமல் நழுவும். நல்லவேளையாக இதை மாற்றலாம். சில பைண்டிங்குகளை முன்னும் பின்னும் நகர்த்திப் பொருத்த இடமிருக்கிறது. ஆகவே இது பலகையின் குணமல்ல, திருப்புளியால் தீர்க்கக்கூடிய விஷயம்.

கம்பெனிகள் எப்படிச் செய்கின்றன என்பதைப் பார்த்தால் இன்னும் விளங்கும். பிளிஸார்டு கம்பெனி 'பிரம்மா' என்று ஒரு ஸ்கீ விற்றுவந்தது (பெயரைப் பார்த்து நம்மவர் என்று நினைத்துவிட வேண்டாம்). அதன் பெண் பதிப்பு 'பிளாக் பேர்ல்'. நார்டிகாவில் 'என்ஃபோர்சர்' ஆணுக்கு, 'சான்டா அனா' பெண்ணுக்கு. வெளி வடிவத்தைப் பார்த்தால் உடன்பிறந்தவை என்று தெரிந்துவிடும், உள்ளே அடுக்கும் விறைப்பும்தான் வேறு. இவை அசட்டுத்தனமான பொருள்கள் அல்ல. சரிவில் நன்றாக இறங்கும் பெண்கள் நிறையப் பேர் இவற்றில்தான் போகிறார்கள். என் குறை பொருளின் மேல் இல்லை. "பெண்களுக்கு" என்று எழுதுவதற்குப் பதில் "அறுபது கிலோவுக்குக் கீழ் உள்ளவருக்கு" என்று எழுதியிருந்தால் இரண்டு பேர் பிழைத்திருப்பார்கள்: லேசான உடம்புள்ள ஆண், கனமான உடம்புள்ள பெண். முதலாமவர் வெட்கத்தால் விறைத்த பலகையோடு மல்லுக்கட்டுகிறார். இரண்டாமவள் தன் வேகத்துக்குத் தாங்காமல் அதிரும் பலகையில் போகிறாள்.

அமெரிக்க ஸ்கீ வீராங்கனை லிண்ட்சி வான் அந்த லேபிளைப் பொருட்படுத்தவில்லை. 178 செ.மீ. உயரம், வலுவான உடம்பு. 2009-10 பருவத்தில் ஹெட் கம்பெனிக்கு மாறியதும் வேகப் போட்டிகளில் ஆண்கள் ஸ்கீயை மாட்டிக்கொண்டார். நீளமும் விறைப்பும் கூடுதல், திருப்புவது கடினம், ஆனால் வேகத்தில் அதிராது. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் டவுன்ஹில் தங்கம் வாங்கினார். விதி அவரைத் தடுக்கவில்லை. சர்வதேச ஸ்கீ சம்மேளனம் குறைந்தபட்ச நீளத்தைத்தான் சொல்கிறது. டவுன்ஹில்லில் பெண்ணுக்கு 210 செ.மீ., ஆணுக்கு 218. ஸ்லாலமில் 155, 165. அதற்குமேல் போவது அவரவர் பாடு. வானைக் காட்டி எல்லாப் பெண்களும் ஆண்கள் ஸ்கீக்கு மாறவேண்டும் என்று சொன்னால் அது அபத்தம். அவர் தன் எடையையும் தன் வேகத்தையும் அளந்து எடுத்த முடிவு அது. ஐம்பத்திரண்டு கிலோவில், ஆழமான புதுப் பனியில், மரங்களுக்கு நடுவே நுழைந்து போக விரும்பும் தேர்ந்தவளுக்கு லேசான பெண்கள் பலகையே உத்தமம்.

பூட் விஷயத்தில் தலைகீழ். உடம்பைத் தொடுவது அதுதான். பெண்களுக்குக் கெண்டைக்கால் தசை பெரும்பாலும் கீழேயே தொடங்குகிறது, குதிகால் குறுகல். ஆணின் பூட்டைப் போட்டால் மேல் விளிம்பு சதையை நெரிக்கும், கீழே குதிகால் தூக்கும். குதிகால் தூக்கினால் பலகைக்கு உத்தரவு போகாது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும். அதனால் பூட்டில் பெண்களுக்கென்று செய்ததை முதலில் போட்டுப் பார்ப்பதே புத்தி. ஒரே எச்சரிக்கை, விறைப்பு எண். பெண்கள் பூட்டை மென்மையாகச் செய்து குவிப்பது வழக்கம். தேர்ந்தவள் 100க்கு மேலே தேட வேண்டும். ஒரு கம்பெனியின் 100 இன்னொரு கம்பெனியின் 100 அல்ல என்பதால் எண்ணை நம்பாமல் போட்டுக் குனிந்து பார்க்க வேண்டும். கையில் இருக்கும் காசில் பெரும் பங்கைப் பூட்டுக்கும், அதைக் காலுக்கு ஏற்றபடி செதுக்கித் தருகிறவருக்கும் கொடுத்துவிட்டுப் பலகையைப் பழையதாகக்கூட வாங்கலாம் என்பேன்.

விழும்போது பூட்டை விடுவிக்கும் பைண்டிங் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 11088 என்று ஒரு தரவிதி உண்டு. அதிலுள்ள அட்டவணை எடையைக் கேட்கிறது, உயரத்தைக் கேட்கிறது, வயது, பூட் அடியின் நீளம், எப்படிச் சறுக்குவீர்கள் என்பதையெல்லாம் கேட்கிறது. ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. முழங்கால் உள்தசைநார் கிழிவது பெண்களுக்கு ஆண்களைப்போல் இரண்டு மடங்கு அளவில் நேர்கிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வதால், அந்த அட்டவணையில் பெண்ணுக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அது நியாயமான சண்டை. விற்பனைக்கான லேபிளையும் உயிர்காக்கும் அளவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

விளையாட்டு விதிகளே பிரித்து வைத்திருக்கும் பொருள்கள் தனி வகை. அங்கே தேர்ந்தவளுக்கும் தேர்வு கிடையாது. பளுதூக்குதலில் பெண்ணின் கம்பி 15 கிலோ, ஆணுக்கு 20. பெண்ணின் கம்பி பருமனும் குறைவு, பிடிக்கும் கைக்கு ஏற்ப. இது தொடும் இடத்து மாற்றம், யாருக்கும் புகாரில்லை. கிரிக்கெட்டில் ஆண்கள் பந்து 156 முதல் 163 கிராம், பெண்கள் பந்து 140 முதல் 151 கிராம். 2020இல் பந்தை இன்னும் சிறிதாக்கலாம், ஆடுகளத்தைக் குறைக்கலாம் என்றெல்லாம் ஆட்டக்காரர்களே யோசனை சொன்னபோது, இந்திய வேகப்பந்து வீச்சாளர் ஷிகா பாண்டே வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். ஓட்டப்பந்தயத்தில் பெண்ணுக்காக நூறு மீட்டரை எண்பதாக்குவதில்லையே என்பது அவர் கேள்வி. பந்தைச் சிறிதாக்கினாலும் எடையைக் குறைக்காதீர்கள் என்றார். வாளில் இந்த வம்பே இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடிய சென்னைப் பெண் பவானி தேவியின் சேபர் வாளுக்கும் ஆண்கள் வாளுக்கும் ஒரே எடை வரம்பு. பெண்ணுக்குக் கூடுதலாகக் கட்டாயமானது மார்புக் கவசம் மட்டும். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

இனி நம் ரோட்டுக்கு வருவோம். 1911-12 வாக்கில் மதுரையில் பஸ் விட்டுத் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பத்தின் வண்டிதான் பெண்களுக்கென்று விளம்பரப்படுத்தி நாடெங்கும் விற்ற ஸ்கூட்டி. ஸ்கூட்டி பெப் பிளஸ்ஸின் எடை 93 கிலோ, சீட்டின் உயரம் 768 மி.மீ. குடும்பமே ஓட்டும் ஹோண்டா ஆக்டிவாவின் சீட்டும் ஏறக்குறைய அதே உயரம்தான், 765. எடைதான் நூறு கிலோவைத் தாண்டும். ஆக உயரத்தில் எந்தச் சலுகையும் இல்லை, தள்ளி நிறுத்தும்போது பத்துப் பதினைந்து கிலோ லேசு. புதிதாக ஓட்டுகிறவருக்கு அந்தப் பத்துக் கிலோ தைரியம் தரும். திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு நான்குவழிச் சாலையில் தினமும் வேலைக்குப் போகிறவளுக்கு, பக்கத்தில் லாரி கடக்கும்போது அதே லேசு உதறலாக மாறும். 2018இல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வேலைக்குப் போகும் பெண்களுக்கு விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், எது குறைவோ அதைக் கொடுத்தது. கியர் இல்லாத, 125 சி.சி.க்கு மேற்படாத வண்டியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கியர் வண்டி ஓட்டத் தெரிந்த பெண்ணை அந்த நிபந்தனை எழுதியவர் பார்த்ததில்லை போலும். சென்னையில் அலிஷா அப்துல்லா ஆண்களோடு அதே பைக்குகளில் பந்தயம் ஓட்டி வருடங்கள் ஆகியிருந்தன.

பெண்ணுக்காகச் சட்டமே போட்டுச் செய்த பாகம் ஒன்று நம் எல்லா மோட்டார் சைக்கிளிலும் இருக்கிறது, அதை யாரும் பெண்கள் பொருள் என்று நினைப்பதில்லை. மத்திய மோட்டார் வாகன விதி 123 பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடியும் கால் வைக்கும் இடமும் வேண்டும் என்கிறது. துணி சிக்காமல் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்க வேண்டும் என்கிறது. நாம் சாரி கார்டு என்கிறோம். கரடுமுரடான புல்லட்டானாலும் சரி, இது இல்லாமல் விற்க முடியாது. உண்மையான தேவையைப் பொதுவில் வைத்துத் தீர்த்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வேட்டி கட்டிய கணவருக்கும் சேர்த்துத்தான் அது காவல்.

ஹெல்மெட்டுக்கு அப்படி ஒரு நல்லகாலம் பிறக்கவில்லை. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி விளையும் ஊர்களில் திருமங்கலமும் ஒன்று. கொண்டையும் கொண்டையைச் சுற்றி ஒரு முழம் பூவுமாகப் போகும் பெண்ணின் தலை எந்த ஹெல்மெட் அச்சிலும் இல்லை. அவள் பூவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய் அலுவலகத்தில் வைத்துக்கொள்கிறாள், அல்லது ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிவிடுகிறாள். இரண்டாவதுதான் அதிகம். பிங்க் பெயின்ட் அடித்துப் பூப்படம் ஒட்டிய ஹெல்மெட் மட்டும் கடையில் தாராளமாகத் தொங்குகிறது.

தொடும் இடத்தில் பெண்ணைக் கணக்கில் எடுக்காததன் விலை விண்வெளி வரை போயிருக்கிறது. 2019 மார்ச்சில் இரண்டு பெண்கள் சேர்ந்து விண்ணில் நடப்பதாக இருந்ததை நாசா மாற்றியது. நடுத்தர அளவு உடற்பகுதி உடை ஒன்றுதான் உடனே அணியத் தயாராக இருந்தது, இருவருக்கும் அந்த அளவுதான் பொருந்தியது. கார் மோதல் சோதனைகளில் பெண்ணுக்கென்று நெடுங்காலம் உட்கார வைத்த பொம்மை, ஆண் பொம்மையைச் சுருக்கியதுதான். தனியாகச் செய்யாதே என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உடையிலும் கவசத்திலும் பூட்டிலும் சீட்டிலும் தனியாகச் செய்யாததுதான் குற்றம். ஃபிரேமிலும் பலகையிலும் பந்திலும் தனியாகச் செய்ததாகச் சொல்லிக்கொள்வதைத்தான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

ஆகவே தேர்ந்த ஒரு பெண் கடைக்குப் போனால், ஆண்கள் வரிசை, பெண்கள் வரிசை இரண்டிலும் நிற்கலாம். இரண்டிலும் கேட்க வேண்டியது ஒன்றே: இதில் எதை மாற்றினீர்கள்? நிறம் மட்டும் என்றால் நகர்ந்துவிடலாம். எடையும் விறைப்பும் என்றால் தன் எடையையும் தன் வேகத்தையும் வைத்துப் பார்க்கலாம். அளவு என்றால் தொட்டும் ஏறியும் பார்க்காமல் நம்பக் கூடாது. முடிந்தால் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஸ்கீ ஊர்களில் அதற்கு வழி இருக்கிறது. நம்மூரில் வாடகைச் சைக்கிள் கடைகள் இருந்த காலத்தில் நமக்கும் இருந்தது.

அரசுக்கும் சொல்ல ஒன்று உண்டு. பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் வாங்கும் மாணவிகளில் பலர் அதற்குள் நான்கைந்து வருடம் சைக்கிள் ஓட்டியவர்கள். அவர்கள் பழகுகிறவர்கள் இல்லை. பள்ளிகளில் மாணவர்களின் உயரத்தையும் எடையையும் ஏற்கெனவே குறித்து வைக்கிறார்கள். சைக்கிள் பட்டியலில் ஆண், பெண் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் உயரத்துக்கு ஒரு கட்டமும், நேர் பாரா சாய்ந்த பாரா என்று பிள்ளையே டிக் போட ஒரு கட்டமும் சேர்த்தால் செலவு ஏதுமில்லை. ஒப்பந்தப் புள்ளியில் இரண்டு அளவு ஃபிரேம் கேட்டாலே போதும், மீதியைக் கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.